பதினாறு வயது மகளுக்கு 2011 ட்வின் டர்போ எஃப்-150 வாங்கலாமா?

#1 ஆட்டுக்காரி_அப்பா (லியாண்டர், டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டரில் இருக்கிறோம். மூத்தவளுக்கு அடுத்த மாதம் பதினாறு முடிகிறது. லேர்னர் பெர்மிட் கைக்கு வந்து ஏழு மாதம். டெக்சாஸில் பெற்றோரே கற்றுக்கொடுக்க ஏற்பாடு இருப்பதால் நான்தான் வாத்தியார். இரவு ஓட்டம் 10 மணி நேரம் உட்பட 30 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது கணக்கு. நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம்.

அவள் பள்ளியில் எஃப்எஃப்ஏ என்ற மாணவர் விவசாய அமைப்பில் சேர்ந்து ஆடு வளர்க்கிறாள். காயடித்த போயர் இனக் கிடா. ஜனவரியில் கவுண்டி கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் என் அம்மாவிடம் சொன்னபோது, "ஆடு மேய்க்கக் கூடாதென்றுதானே உன்னைப் படிக்க வைத்தேன், இப்போது பேத்தி அமெரிக்காவில் போய் மேய்க்கிறாளா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆட்டுக் கொட்டகை வீட்டிலிருந்து 11 மைல். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலையில் ஒரு முறை. தீவன மூட்டை, வைக்கோல் கட்டு, மரச்சீவல் எல்லாம் ஏற்ற வேண்டும். அதனால் பிக்கப் வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றை விற்கிறார். 2011 ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் (ஃபோர்டின் இரட்டை டர்போ பெட்ரோல் இன்ஜின்), நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை, 1,58,000 மைல் ஓடியது. 11,500 டாலர் கேட்கிறார். லேக் டிராவிஸுக்குப் படகு இழுத்துப் போய்வந்த வண்டி. வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

இவ்வளவு ஓடிய டர்போவை நம்பலாமா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது தகுமா? விலை சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சிகாகோ_சிவா

முதலில் ஒரு சின்ன சந்தேகம். வண்டி பெண்ணுக்கா, உங்களுக்கா?

#3 ஆட்டுக்காரி_அப்பா

இரண்டு பேருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

#4 டீசல்_தாமு (மிட்லண்ட், டெக்சாஸ்)

சார், நான் பத்து வருடமாக எண்ணெய் வயல் பக்கம் இருப்பவன். பெட்ரோல் டர்போ பக்கமே போகாதீர்கள். பழைய டர்போ பிக்கப் என்றால் டீசல்தான். 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம், 5.9 லிட்டர் கம்மின்ஸ், 12 வால்வு. இன்ஜினை ஓட்டக் கணினியே தேவையில்லை. பாஷ் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரம். எரிபொருளை நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து லட்சம் மைல் ஓடிய வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஃபோர்டு பிடிக்கும் என்றால் 2003 வரை வந்த 7.3 பவர்ஸ்ட்ரோக். அதற்கு அடுத்த 6.0 மட்டும் வேண்டாம். ஆயில் கூலர் அடைத்து, புகையைக் குளிர வைக்கும் ஈஜிஆர் கூலர் போய், ஹெட் கேஸ்கெட் தூக்கி, கடைசியில் வண்டி விலையை வொர்க்‌ஷாப்பில் கொடுப்பீர்கள்.

இன்னொன்று, ஆறாயிரம் பவுண்டு இரும்புக்குள் பிள்ளை இருந்தால் அப்பாவுக்கு நிம்மதி.

#5 கோவை_வேலு (ஹூஸ்டன்)

வண்டி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். கோவையில் எட்டு வருடம், இங்கே பதினான்கு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமு அண்ணன் சொன்ன 12 வால்வு கம்மின்ஸ் நல்ல இன்ஜின்தான், மறுக்கவில்லை. அதிலும் டைமிங் கியர் பெட்டிக்குள் ஒரு சின்ன எஃகு முளை அதிர்ந்து அதிர்ந்து நழுவி விழுந்தால் கதை முடிந்தது என்பதைக் கம்மின்ஸ்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அதை விடுங்கள். ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1997இல் ஆட்டோ கியரோடு வந்த அந்த டீசலுக்கு 180 குதிரைத்திறன், முறுக்குவிசை 420 பவுண்டு-அடி. இந்த 2011 ஈகோபூஸ்டுக்கும் அதே 420தான், ஆனால் குதிரைத்திறன் 365. அதாவது பழைய டீசல் லாரியின் இழுவைக்கு மேலே ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஓட்டத்தையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. அந்த 420 முழுவதும் 2,500 சுற்றிலேயே வந்துவிடும். மிதித்தவுடன் போகும். அதுவே நல்லது, அதுவே கெட்டது.

அடுத்து, பழைய டர்போவை நம்பலாமா என்ற கேள்வி. டர்போ என்பது சைலன்ஸருக்குப் போகும் சூடான புகையில் சுழலும் ஒரு விசிறி. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் விசிறி காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்தத் தண்டைத் தாங்குவது ஆயில்தான். ஆகவே டர்போவின் ஆயுளை மைலை வைத்துக் கணிக்க மாட்டேன், ஆயில் மாற்றிய ரசீதை வைத்துத்தான் கணிப்பேன். 5,000 மைலுக்கு ஒரு முறை மாற்றியிருந்தால் 1,58,000 எனக்குப் பயமில்லை. "எப்போதாவது மாற்றுவேன்" என்று சொல்பவரின் வண்டி 80,000 என்றாலும் வாங்க மாட்டேன்.

2011-12 ஈகோபூஸ்டில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை:

டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி. ஆயில் கெட்டால் முதலில் அடிபடுவது இதுதான். செயின் நீண்டுவிட்டால், இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சத்தம் வரும். சூடான இன்ஜினில் கேட்கவே கேட்காது. அதனால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று. போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு இன்ஜின் முன்மூடியைக் கழற்ற வேண்டும். வெளிக் கடையிலேயே இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

இன்டர்கூலர் தண்ணீர். இது உங்கள் பெண்ணுக்காகவே சொல்கிறேன். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு இன்டர்கூலர் இருக்கிறது. மழை நாளில், புழுக்கத்தில், ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் ஓட்டினால் காற்றின் ஈரம் அதன் அடியில் தண்ணீராகத் தேங்கும். அப்புறம் திடீரென்று முழுதாக மிதித்தால் அத்தனை தண்ணீரையும் இன்ஜின் ஒரே மூச்சில் உறிஞ்சும். தீப்பொறி தவறும், வண்டி குலுங்கும், கணினி சக்தியைக் குறைத்துவிடும். முழுதாக மிதிப்பது எப்போது என்று யோசியுங்கள். இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் ஏறி முந்தும்போது! கம்பெனியே இதற்குச் சேவைக் குறிப்பு வெளியிட்டு ஒரு காற்றுத் தடுப்புத் தகடு கொடுத்தது. அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் இன்டர்கூலர் அடியில் ஊசி போலத் துளை போட்டுவிடுவார்கள்.

தீப்பொறி பிளக் இடைவெளி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் முறிவு (குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம்), வால்வில் கரி. இந்தத் தலைமுறையில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஆளில்லை. வால்நட் ஓட்டுத் தூளை வீசிச் சுத்தம் செய்வோம். இவையெல்லாம் செலவுதான், ஆபத்து இல்லை.

ஆபத்து உள்ளது ஒன்று இருக்கிறது. 2011 முதல் 2013 வரையிலான எஃப்-150களுக்கு ஆறு கியர் ஆட்டோ டிரான்ஸ்மிஷனில் ரீகால் வந்தது, அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வேக உணரி தவறினால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி தானாக முதல் கியருக்கு இறங்கிவிடும். அறுபதில் போகும்போது அப்படி நடந்தால் பின்சக்கரம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரீகால் வேலை இலவசம். எத்தனையாவது கையாக இருந்தாலும் டீலர் செய்து தர வேண்டும். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை (விஐஎன்) சாலைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால் வேலை முடிந்ததா என்று காட்டும்.

#6 ஆட்டுக்காரி_அப்பா

வேலு, கோடி நன்றி. சனிக்கிழமை காலை பார்க்கப் போகிறேன்.

#7 பிளேனோ_அக்கா

நான் இருபது வருடமாக வாகனக் காப்பீட்டில் க்ளெய்ம் பார்ப்பவள். தம்பிகள் எல்லோரும் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஓட்டுகிறவள் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

16 முதல் 19 வயதுள்ளவர்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும், உயிர் போகும் விபத்து 20 தாண்டியவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு. பிள்ளை நல்ல பிள்ளையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்கள் மேசைக்கு வருவதெல்லாம் நல்ல பிள்ளைகளின் காகிதம்தான்.

ஐஐஎச்எஸ் என்று ஒரு அமைப்பு, காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துவது. வண்டிகளை மோதவிட்டுச் சோதிப்பார்கள். இளம் ஓட்டுநர்களுக்கு ஏற்ற பழைய வண்டிகள் என்று ஒரு பட்டியலும் போடுவார்கள். அதிகக் குதிரைத்திறன் வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் முதல் விஷயம். ரொம்பச் சின்ன வண்டி வேண்டாம், ரொம்பப் பெரியதும் வேண்டாம். ஈஎஸ்சி, அதாவது சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் அமைப்பு, கட்டாயம் வேண்டும். தனி வண்டி கவிழ்ந்து அல்லது மோதி உயிர் போகும் அபாயத்தை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் சட்டப்படி கட்டாயம்.

தாமு, உங்கள் 1997 வண்டியில் அது கிடையாது. பக்கவாட்டு ஏர்பேக்கும் கிடையாது. இன்ஜின் ஐந்து லட்சம் மைல் ஓடும், சரி. உள்ளே இருக்கும் பிள்ளை?

காப்பீட்டுத் தொகை எவ்வளவு ஏறும் என்று இன்றைக்கே உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள். வண்டி வாங்கியபின் கேட்டு மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். மதிப்பெண் நன்றாக இருந்தால் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள். டெக்சாஸ் குறைந்தபட்சக் காப்பீடு 30/60/25 (எதிராளி ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு 60,000, வண்டி முதலிய சொத்துச் சேதத்துக்கு 25,000) என்பதோடு நிற்காதீர்கள். இவ்வளவு கனமான வண்டி எதிராளி காரை என்ன செய்யும் என்று பார்த்தவள் சொல்கிறேன். 25,000 டாலர் இன்றைக்கு ஒரு காருக்கே பற்றாது.

#8 டீசல்_தாமு

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கனமான வண்டிக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்பது இயற்பியல்தானே?

#9 பிளேனோ_அக்கா

மோதினால் பாதுகாப்பு, தம்பி. மோதாமல் இருக்க அந்தக் கனம் உதவாது. பெரிய பிக்கப் நிற்க அதிக தூரம் வேண்டும். உயரமாக இருப்பதால் திருப்பத்தில் சாயும். காலியாக ஓடும்போது பின்பக்கம் எடையே இல்லை. நாற்பது வயது ஆளுக்கு இதெல்லாம் கையில் பழகியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு கதவு பிக்கப்பில் ஐந்தாறு பேர் உட்காரலாம். டெக்சாஸில் 18 வயதுக்குக் கீழ் உள்ள ஓட்டுநருக்கு வீட்டு ஆள் அல்லாத 21 வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்தான் கூட வரலாம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, வேலை, பள்ளி, அவசரம் தவிர ஓட்டக்கூடாது. போனையும் அவசரம் தவிர எந்த வகையிலும் தொடக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் திறந்த பின்தொட்டியில் ஏற்றுவதும், சில விலக்குகள் தவிர, குற்றம். சட்டம் இருக்கிறது, ஆனால் ஆட்டம் முடிந்த வெள்ளி இரவில் "என்னையும் இறக்கிவிடு" என்று நான்கு தோழிகள் நிற்கும்போது, இடம் இல்லாத வண்டிதான் நல்ல வண்டி.

#10 கோவை_வேலு

அக்கா சொல்வது சரி. ஒன்று மட்டும் அந்த வண்டிக்காகப் பேசிவிடுகிறேன். எஃப்-150இல் ஈஎஸ்சி 2009 மாடலிலிருந்தே எல்லாவற்றிலும் உண்டு, ஆகவே 2011இலும் இருக்கும். ஃபோர்டின் மைகீ இருந்தால் பிள்ளைக்கென்று ஒரு சாவியைத் தனியாகப் பதிந்து வைக்கலாம். 80 மைலுக்கு மேல் போகாது, சீட் பெல்ட் போடும்வரை ரேடியோ பாடாது. டர்போ சக்தியை அது குறைக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 365 குதிரையும் எண்பது மைல்வரை அப்படியே இருக்கும்.

#11 ஸ்காபரோ_யாழ்

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் இருந்து எழுதுகிறேன், சட்டதிட்டம் வேறு, ஆனால் கதை ஒன்றுதான்.

என்னுடைய மகனுக்குப் பதினேழு வயதில் ஒரு பழைய டர்போ பிக்கப் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பனி எண்டு சொல்ல மாட்டேன், பிழை வண்டியில் இல்லை. நான்கு சக்கர இழுவை, நல்ல டயர், எல்லாம் பார்த்துத்தான் வாங்கினது. ஈஎஸ்சி இல்லாத காலத்து வண்டி. அதைப் பற்றி எனக்கு அப்ப ஒண்டும் தெரியாது.

ஒக்டோபர் மாதம், பின்னேரம், மழைத் தூறல், ரோட்டில் நனைந்த இலை. நெடுஞ்சாலையில் இருந்து இறங்குகிற வளைவில் பெடியன் கொஞ்சம் மெதுவாகி, திரும்பவும் மிதித்திருக்கிறான். பழைய டர்போ இல்லையா, முதலில் ஒண்டும் நடக்காது, ஒரு நொடி கழித்து முழுச் சக்தியும் ஒருமிக்க வரும். பின்தொட்டி காலி. பின்பக்கம் வழுக்கி, வண்டி சுழன்று, காவல் கம்பியில் போய் அடித்தது. பெடியனுக்குத் தோள் எலும்பு வெடிப்பு. அவ்வளவோடு தப்பினான்.

"நான்கு சக்கர இழுவை இருக்குத்தானே அப்பா, ஏன் வழுக்கினது?" எண்டு ஆஸ்பத்திரியில் கேட்டான். அது போட்டே இருக்கேல்லை. போட்டிருந்தாலும் கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நாலு பிரேக்தானே. இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேணும். குளிர்காலத்தில் பின் அச்சுக்கு மேல் மணல் மூட்டை போடுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. அதையும் ஒக்டோபரில் ஆர் நினைக்கிறார்கள்?

மகளை வண்டியோடு ஒரு காலி வாகனத் தரிப்பிடத்துக்கு, மழை நாளில் கூட்டிக்கொண்டு போங்கோ. சும்மா வட்டம் அடிக்கச் சொல்லுங்கோ.

#12 சிகாகோ_சிவா

யாழ் அண்ணா, தம்பி நலமாக இருப்பதில் சந்தோஷம்.

எங்கள் பக்கத்துக்காரன் கடமை ஒன்று. வண்டி பிறந்தது முதல் டெக்சாஸ்தானா என்று பதிவு வரலாற்றைப் பாருங்கள். இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவதால் ஐந்து வருடத்தில் அடிச்சட்டம் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டிகளைக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தெற்கே அனுப்பிவிடுவார்கள். கீழே படுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டங் என்றால் இரும்பு, டப் என்றால் அப்பளம்.

2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் நனைந்த வண்டியா என்றும் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிப்பகுதியை முகர்ந்தால் தெரியும்.

#13 ஆட்டுக்காரி_அப்பா

சனிக்கிழமை போய்வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போனால் பானெட் சூடு. "உங்களுக்காக வார்ம்-அப் செய்து வைத்தேன்" என்றார் மனிதர். ஏமாற்றுக்காரர் இல்லை, உண்மையிலேயே மரியாதைக்காகச் செய்தது. "நாளைக்கு வருகிறேன், தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஞாயிறு காலை மறுபடி போய் ஸ்டார்ட் செய்தோம். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஏதோ சத்தம். கரகரவா, இல்லை என் பயமா என்று தெரியவில்லை. போனில் பதிவு செய்து வேலுவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஆயில் ரசீதுகள் 1,20,000 மைல் வரை கட்டாக இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "நானே மாற்றுவேன்" என்கிறார். ஆயில் வாங்கிய ரசீதாவது? சிரித்தார்.

டயரில் கடைசி நான்கு எண் 1816. அதாவது 2016இன் 18ஆவது வாரம் செய்தது. பட்டன் தேய்ந்திருக்கவில்லை, பக்கச் சுவரில்தான் வெடிப்பு. ரீகால் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கியர் ரீகால் இன்னும் செய்யப்படவே இல்லை. அவருக்கே தெரியாது. இத்தனை வருடம் படகை இழுத்துக்கொண்டு இதில்தான் போயிருக்கிறார். அவர் முகம் கொஞ்சம் வெளிறிப் போனது.

முப்பது டாலர் ஸ்கேனரை மாட்டினேன். பிழைக்குறி ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு சோதனைகள் "தயார் இல்லை" என்று காட்டுகின்றன.

கடைசியாக நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. மகளும் கூட வந்திருந்தாள். ஐந்தடி ஓர் அங்குலம் உயரம். சீட்டை முழுக்க உயர்த்தி உட்கார்ந்தாள். நான் வண்டிக்கு முன்னால் அவளுடைய தீவன வாளியை வைத்துவிட்டு, "தெரிகிறதா?" என்றேன். இல்லை. ஓரடி பின்னால் வைத்தேன். இல்லை. அப்படியே நகர்த்திக்கொண்டே போய், பத்து அடி தாண்டியபிறகுதான் வாளியின் விளிம்பு தெரிகிறது என்றாள். என் சின்னவன் அந்த வாளியைவிடக் கொஞ்சம்தான் உயரம். காலை ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் பிள்ளைகளும் ஆடுகளும் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

#14 கோவை_வேலு

சத்தம் கேட்டேன். போன் பதிவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ரசீது நின்ற இடத்தையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், என் தங்கையின் பெண்ணுக்கு வாங்க மாட்டேன்.

"தயார் இல்லை" என்றால் அண்மையில் யாரோ பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நூறு மைல் ஓட்டியபின் மறுபடி மாட்டிப் பாருங்கள், மறைத்தது வெளியே வரும். உங்கள் வில்லியம்சன் கவுண்டியில் புகைச் சோதனை உண்டு என்பதால் அப்படியே கொண்டுபோனால் அதிலும் தேறாது. டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். பிரேக், டயர், ஸ்டியரிங் எல்லாம் யாரும் பார்க்காமலே வண்டி ரோட்டில் ஓடலாம். முன்பாவது வருடத்துக்கு ஒரு முறை யாராவது பேருக்காவது எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படியும் வாங்குவதென்றால்: டயர் நான்கு, பிளக் ஆறு, ஆயில், கியர் ரீகால், இதெல்லாம் முடித்தபின்தான் பிள்ளை கையில் சாவி. செயின் வேலைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். 11,500 அதிகம்.

விற்பனை வரி 6.25 சதவீதம். தனியாரிடம் வாங்கும்போது, மாநிலம் கணித்த மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே விலை எழுதினாலும் வரியை அந்த 80க்குத்தான் போடுவார்கள். "குறைத்து எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

#15 டீசல்_தாமு

பத்து அடி விஷயம் என்னையும் கொஞ்சம் உறுத்துகிறது. என் வண்டி தூக்கிக் கட்டியது. நேற்று மாலை நானும் என் பையனின் கால்பந்துக் கூம்பை முன்னால் வைத்துப் பார்த்தேன். எத்தனை அடி என்று இங்கே எழுத மாட்டேன்.

டீசல் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. பதினாறு வயதுக்கு என்பதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

#16 பிளேனோ_அக்கா

தாமு, இந்த ஒரு வரிக்கே உங்களுக்கு ஒரு பாக்கெட் அதிரசம் அனுப்பலாம்.

ஆட்டுக்காரி அப்பா, ஒரு கேள்வி. ஆட்டை யார் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள்? உங்கள் மகள் தினமும் ஏற்றுவது என்னென்ன?

#17 ஆட்டுக்காரி_அப்பா

அதைத்தான் எழுத வந்தேன். இந்த இழையை மகளே முழுதாகப் படித்துவிட்டாள். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுவாள், இதற்காக எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுக் கணக்கு எழுதிக் கொடுத்தாள்.

தீவனம் வாரத்துக்கு ஒரு மூட்டைகூட ஆகாது, ஒரு மூட்டை 50 பவுண்டு. மரச்சீவல் பொட்டலம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வைக்கோல் எப்போதாவது. கண்காட்சிக்கு எல்லா ஆடுகளும் பள்ளியின் டிரெய்லரில் ஆசிரியரோடு போகின்றன. அவள் தனியாக ஆட்டை ஏற்றுவது கால்நடை மருத்துவரிடம் போனால்தான், இதுவரை இரண்டு முறை. ஆடு இப்போது 70 பவுண்டு. பெரிய நாய்க் கூண்டில் நிற்கும்.

"11,300 பவுண்டு இழுக்கும் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய் அப்பா. நான் என்ன இழுக்கப் போகிறேன்?" என்றாள். மனைவி சமையலறையில் இருந்து சிரித்த சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டில் 2012 மினிவேன் ஒன்று இருக்கிறது. ஈஎஸ்சி உண்டு, டர்போ இல்லை, கடைசி வரிசை தரைக்குள் மடங்கிவிடும். அவள் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மினிவேன் என்பது சந்தோஷமான செய்தி இல்லை. ஆனால் அவள் கேட்டது வண்டிகூட இல்லை, காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பாமல் தானே போய்வரும் வசதி. பதினெட்டு வரை மினிவேன், அப்புறம் சேர்ந்து ஒரு பிக்கப் தேடுவது என்று முடிவு. அதுவும் 2015 முதல் வந்த சின்ன 2.7 லிட்டர் டர்போவா, டர்போவே இல்லாததா என்று அவளும் வேலுவும் பேசிக்கொள்ளட்டும்.

ரீகாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் டீலரிடம் நேரம் வாங்கிவிட்டார். வண்டி இன்னும் விற்கவில்லை. தினமும் ஆபீஸ் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அக்கா, திட்டாதீர்கள்.

#18 சிகாகோ_சிவா

#2க்குப் பதில் #17இல் வந்திருக்கிறது. பரவாயில்லை.

#19 ஸ்காபரோ_யாழ்

நல்ல முடிவு தம்பி. மழைநாள் வட்டத்தை மறக்க வேண்டாம். மினிவேனும் வழுக்கும்.

#20 ஆட்டுக்காரி_அப்பா

மூன்று வாரம் ஆகிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மழைநாள் பயிற்சியும் ஆயிற்று, யாழ் அண்ணா. பள்ளி வாகன நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி ஏபிஎஸ் கால் அடியில் துடிப்பதை உணர வைத்தேன். முதல் முறை பயந்து காலை எடுத்துவிட்டாள். ஐந்தாவது முறை சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

நேற்று ஆட்டை மருத்துவரிடம் கொண்டுபோய் வந்தாள். இப்போது வேறு பிரச்சினை. மினிவேன் கம்பளத்தில் இருந்து ஆட்டு நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. சமையல் சோடா, வினிகர் இரண்டும் பார்த்துவிட்டேன். யாருக்காவது வழி தெரியுமா?

#21 கோவை_வேலு

அடியில் ரப்பர் விரிப்புப் போடவில்லையா?

#22 ஆட்டுக்காரி_அப்பா

போட்டேன். ஓரத்தைத் தின்றுவிட்டது.